வாடகையை அடக்கிய மாணவர்கள்

இடைக்கால இத்தாலியின் போலோனியாவில் வாடகைக் கட்டுப்பாடு ஆட்சியாளரின் கருணையில் பிறந்ததல்ல, குடியிருந்தவர்களின் ஒற்றுமையில் பிறந்தது. சட்டம் படிக்க ஐரோப்பாவெங்கும் இருந்து வந்த மாணவர்கள் அங்கே அந்நியர்கள். ஊரார் உரிமை அவர்களுக்கு இல்லை. ஆனால் அவர்கள் தரும் காசு ஊருக்குத் தேவைப்பட்டது. மாணவர்களும் நகரத்தாரும் சேர்ந்து அமர்த்திய மதிப்பீட்டாளர்கள் வாடகையை நிர்ணயித்தார்கள். மீறிக் கேட்டவர் வீட்டில் எந்த மாணவரும் குடியேறக் கூடாது என்பது விதியாக இருந்தது.

வீட்டுக்காரர்களை மட்டும் குறைசொல்வது நியாயமா என்று கேட்கலாம். கேள்வி சரிதான், கூடுதல் வாடகை காட்டி, பிறர் குடியிருந்த வீட்டைத் தட்டிப்பறித்தவர்களில் ஆசிரியர்களும் மாணவர்களும் உண்டு. 1189இல் போப் மூன்றாம் கிளமென்ட் அதைத் தடைசெய்ய வேண்டியிருந்தது. அது விதியின் தேவையையே காட்டுகிறது. ஊரைவிட்டே போய்விடுவோம் என்ற மாணவர்களின் பேச்சும் வெற்று மிரட்டலல்ல: 1222இல் போலோனியாவிலிருந்து கிளம்பிப் போனவர்களால்தான் பதுவா பல்கலைக்கழகம் உருவானது.