கண்டி மலைநாட்டின் கித்துள் மரம்

மேலைநாட்டார் தம் மதுவை ஊர்ப்பெயரால் அழைப்பர். இத்தாலியின் பரோலோ என்னும் செந்நிற மது, நெபியோலோ என்ற அந்நிலத்துத் திராட்சையினின்றே வடிக்கப்படுவது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1966இல் அப்பெயருக்குக் காப்பளித்தது அந்நாட்டு அரசு. கண்டி மலைநாட்டிற்கும் அவ்வாறு உரிய மது ஒன்று உண்டு. அதுவே கித்துள் கள். ஆனால் சட்டம் அதனை நோக்கிய பார்வை வேறு.

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் பாதையில், தெல்தெனியவுக்கு அப்பால் நக்கிள்ஸ் மலைச்சாரலில் அமைந்துள்ளது ஹுன்னஸ்கிரிய. தேயிலை வருமுன்பே இம்மலைநாட்டு மக்களை வாழ்வித்த மரம் கித்துள். தமிழில் இதனைக் கூந்தற்பனை என்பர்.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இம்மரத்தை வியந்துரைத்தார். ஒரு மரம் நாளொன்றுக்கு மூன்று நான்கு கலன் பதநீர் தரும் என்றும், அதனைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வர் என்றும் குறித்தார்.

கித்துள் சீவுதல் எளிய தொழிலன்று. பூம்பாளையைக் கீறி, மிளகு, பூண்டு, சுண்ணாம்பு முதலியன சேர்ந்த மருந்தை இட்டுக் கட்டுவர். சில நாள் கழித்துப் பாளை நுனியைச் சீவினால் பதநீர் சுரக்கும். உடனே காய்ச்சினால் பாணி. மேலும் இறுகக் காய்ச்சினால் கருப்பட்டி. காய்ச்சாது விட்டாலோ சில மணி நேரத்தில் அதுவே கள்ளாகும்.

இங்கேதான் இடர் பிறந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமைப் பத்திரமற்ற காடுகளை அரசுடைமையாகக் கருதியது. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம், கள் இறக்கவும் விற்கவும் உரிமம் வேண்டுமென்றது. அரசு வருவாய்க்காகக் கள்ளுக்கடைகளைத் திறந்தபோது, சேனநாயக்க சகோதரர் முதலானோர் மதுவிலக்கு இயக்கத்தை வளர்த்தனர். குடியினால் குடும்பங்கள் நலிவதைக் கண்ட அவர்தம் சினம் நியாயமானதே. எனினும் காலையில் பாணிக்கென இறக்கிய பதநீர் மாலையில் குற்றப்பொருளாகலாம் என்ற நிலை, மரமேறும் ஏழையின் தலைமீதே வீழ்ந்தது.

பாளைகளை ஒவ்வொன்றாக ஈன்று முடித்தபின் கித்துள் மரம் பட்டுப்போகும். ஆதலால் புதுக் கன்றும், அதனைச் சீவ அறிந்த புதுக் கையும் தலைமுறைதோறும் தேவை. இன்று சீனி கலந்த போலிப் பாணி சந்தையில் மலிந்துள்ளது. உயிருக்கஞ்சாது ஏறிய தந்தையின் உழைப்பிற்கு உரிய விலை கிடைத்தாலன்றி மகன் மரமேறான். இத்தாலியர் தம் திராட்சைக்கு அளித்த மதிப்பை இம்மரமும் பெறுமாயின், அக்கலை பிழைக்கும்.