ஐயத்துக்குரிய மரணசாதனம்: கொழும்புத் தமிழர் நோக்கில் ஒரு குறிப்பு

பண்டைத் தமிழர் வழக்கிலே மரணசாதனத்துக்கு இடமில்லை. 1706இல் ஆளுநர் சைமன்சின் ஆணைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுக்க, பன்னிரண்டு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்பிய தேசவழமையை நோக்குவோர், முதுசம், சீதனம், தேடியதேட்டம் என ஆதனம் வகுபட்டு, ஒவ்வொன்றும் செல்லும் வழி முன்னரே தீர்ந்திருத்தலைக் காண்பர். இறப்பவரின் விருப்பத்தினும் குடியின் உரிமையே அங்கு மேலோங்கி நின்றது.

அந்நிலையை மாற்றியவை ஆங்கிலேயர் இயற்றிய இரு கட்டளைச் சட்டங்களாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம், மரணசாதனம் நொத்தாரிசும் சாட்சிகள் இருவரும் முன்னிலையிலேனும், நொத்தாரிசு இல்லாவிடத்துச் சாட்சிகள் ஐவர் முன்னிலையிலேனும் ஒப்பமிடப்படல் வேண்டுமென விதித்தது. 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமோ, காரணம் கூறாமலே பிள்ளைகளை ஒதுக்கவும், விரும்பியவருக்கு ஆதனத்தை அளிக்கவும் உரிமை தந்தது. உரோம ஒல்லாந்தச் சட்டம் பிள்ளைகளுக்கெனக் காத்துவைத்த கட்டாயப் பங்கு இதனால் ஒழிந்தது.

இவ்வுரிமையின் மறுபக்கம் கொழும்பிலே புலப்படுகின்றது. ஊரில் முதியவரைச் சுற்றி உறவினர் இருந்தனர். 1983 வன்செயலின் பின் பிள்ளைகள் கடல்கடந்து செல்ல, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தனித்திருந்த பெற்றோர் பலர் பராமரிப்பாளரையே நம்பி வாழ நேர்ந்தது. மருந்து கொடுப்பவரும் வங்கிக்குச் செல்பவரும் நொத்தாரிசை அழைத்து வருபவரும் ஒருவராகவே இருத்தல் கூடும். அவரே நிறைவேற்றுநராகக் குறிக்கப்பட்ட மரணசாதனமொன்று பின்னர் வெளிவரின், பிள்ளைகள் திகைப்பது இயல்பே. எனினும், பல்லாண்டு பணிசெய்தவருக்கு நன்றியாக ஒன்றை விட்டுச்செல்லுதல் குற்றமன்று என்பதையும் நாம் மறத்தலாகாது.

நொத்தாரிசு எழுதியதை அசைக்கவியலாது என்பர் நம்மவர் பலர். இக்கூற்று பொருந்தாது. நொத்தாரிசின் சான்று ஒப்பமிட்டமைக்கு வலிமை தரும். ஒப்பமிட்டவர் அதன் பொருளை அறிந்து ஏற்றாரா என்னும் வினாவை அது முற்றாக அடைத்துவிடாது. 1838இல் பிரிவிக் கவுன்சில் தீர்த்த பாரி எதிர் பட்லின் வழக்கே இத்துறையில் வழிகாட்டி. இலங்கையின் மேன்முறையீடுகளையும் 1971 வரை கேட்ட மன்றம் அது. மரணசாதனத்தை முன்வைப்பவரே அதனை எண்பித்தல் வேண்டும். அதனை ஆயத்தஞ்செய்தவரே அதனால் நன்மை பெறுவராயின் நீதிமன்றம் விழிப்புற்று ஆராய்தல் வேண்டும் என்பன அங்கு நிலைநாட்டப்பட்டன. சுவையான செய்தி யாதெனில், அவ்வழக்கிலே மகன் தோற்றான்; மரணசாதனம் நின்றது. ஐயம் வேறு, தீர்ப்பு வேறு.

மைசூரிலிருந்து எழுந்து, 1958இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த வேங்கடாசல ஐயங்கார் வழக்கின் முடிவு இதற்கு மாறானது. நிறைவேற்றுநராகக் குறிக்கப்பட்டவரே அதனை ஆக்குவதில் முன்னின்றார். அவர்தம் மைந்தர் பயன்பெற்றனர். ஐயம் நீங்காமையால் அம்மரணசாதனம் ஏற்கப்படவில்லை.

இவ்விரு வழக்குகளையும் ஒப்புநோக்குங்கால், பிள்ளைகள் தம் வழக்கை அமைக்கும் முறையிலே ஒரு வழு தோன்றக் காண்கிறோம். தகாத செல்வாக்கு, மோசடி என்று சாட்டின் அதனை எண்பிக்கும் சுமை அவர்தம் தலைமேலேயே விழும். ஐயத்துக்குரிய சூழ்நிலைகளை மட்டும் எடுத்துக்காட்டின், அவற்றைப் போக்கும் சுமை மரணசாதனத்தைக் கொணர்ந்தவருடையது. நொத்தாரிசை அழைத்தவர் யார், பணம் கொடுத்தவர் யார், வாசித்துக் காட்டப்பட்டது எம்மொழியில், முதியவரின் கண்ணும் செவியும் அக்காலை எந்நிலையில் இருந்தன என்பனவே வினாக்கள். மருத்துவக் குறிப்பேடு இங்கு பெரிதும் உதவும்.

காலமும் முக்கியம். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, அத்தாட்சி வழங்கப்படுமுன் ஆட்சேப அறிவித்தல் கொடுக்கவும், வழங்கப்பட்டபின் அதனை மீளப்பெற விண்ணப்பிக்கவும் இடமளித்தது. முதலாவது வழியே எளிது. புதுக்கடை நீதிமன்றத்தில் அத்தாட்சி பெற்றவர் வீட்டை விற்றுவிட்டாராயின், வாங்கியவரும் வழக்கினுள் வந்துவிடுவார்.