மணிமங்கலம்: கல்வெட்டுக்கு வெளியே

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் தாண்டி மேற்கே போனால் மணிமங்கலம். நம் வரலாற்றுப் புத்தகங்களுக்கு அது ஒரு போர்க்களம், அவ்வளவுதான். 642இல் வாதாபி விழுவதற்கு முன், முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த இடங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைச் சொல்கிறது. ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரிலோ சோழர்களின் மெய்க்கீர்த்திகள். கொப்பம், கூடல்சங்கமம் என்று எங்கெங்கோ நடந்த போர்களெல்லாம் இந்த ஏரிக்கரை ஊரில் எழுதப்பட்டிருக்கின்றன.

ஊரின் பெயரும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது: லோகமகாதேவிச் சதுர்வேதிமங்கலம், ராஜசூளாமணிச் சதுர்வேதிமங்கலம். மாறாதது பின்பாதி மட்டும். வேதம் படித்தவர்களுக்குக் கொடுத்த ஊர் என்பதைக் கல் ஒருபோதும் மறக்கவில்லை.

ஹுல்ஷ் 1899இல் பதிப்பித்த தொகுதியில் இக்கல்வெட்டுகளைப் படித்துவிட்டு நேரில் பார்க்கப் போயிருந்தேன். ஏரிக்கரையில், காலனியைச் சேர்ந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "கல்லுல என்னா எழுதியிருக்குதோ எனக்குத் தெரியாது சார். கரை ஒடைஞ்சா எங்க தாத்தாவத்தான் வந்து கூப்புடுவாங்களாம், அது தெரியும்" என்றார்.

இதைக் கேட்ட காதோடு உத்திரமேரூரை மறுவாசிப்பு செய்ய வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகளை (919, 921) கிராம ஜனநாயகத்தின் சாட்சியாக நாம் கொண்டாடுகிறோம். ஏரி வாரியத்துக்குக் குடவோலை போட்டது உண்மை. ஆனால் பொதுவிதிப்படி கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி இவையெல்லாம் இருந்தால்தான் குடத்துக்குள் பெயர் விழும். கரைக்கு மண் சுமந்தவன் பெயர் அதற்குள் போக வழியே இல்லை.

நிலமற்றவர்களின் நிலக்கேள்வி அரசாங்கக் காகிதத்தில் ஏற வெகுகாலம் பிடித்தது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலைபற்றி எழுதிய அறிக்கையை ஒட்டித்தான் 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. நூறாண்டு கழித்து அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள்.

இன்று ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் தொழில் வழித்தடம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பக்கத்து நிலத்துக்கு வேறொரு மதிப்பு வந்துவிட்டது. ஆனால் தண்ணீர் பழைய வழியைத்தான் அறியும். மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில்தான் இறங்குகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய பிறகுதான் சென்னையில் பலருக்கு இந்த ஏரிகளின் பெயரே தெரிந்தது.

கோயிலைப் பாதுகாக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதகும் கலங்கலும், கரை காத்தவர்களின் நினைவும், பஞ்சமி நிலப் பதிவேடும்கூட வரலாற்றுச் சான்றுகள்தான் என்கிறேன். நிலம் சதுர அடிக் கணக்கில் விலைபேசப்படும் இந்த நேரத்தில் அவற்றை நாம் தொகுக்காமல் விட்டால், மறுபடியும் நிலம் பெற்றவர்களின் பெயர் மட்டுமே எழுத்தில் மிஞ்சும். இந்தமுறை பத்திரத்தில்.