புகாரை மேலே அனுப்புவது யார் பொறுப்பு?

கடும் ஒழுங்கீனத்துக்காக ஓர் ஆசிரியரைப் பணிநீக்கம் செய்தால், அதை ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிவிப்பதா வேண்டாமா என்பதை இங்கிலாந்தில் இன்று பள்ளி நிர்வாகமே முடிவு செய்கிறது. 2000 முதல் 2012 வரை இயங்கிய பொது ஆசிரியர் மன்றத்தின் காலத்தில் நிலைமை வேறு. நீக்கினாலும், நீக்குவதற்குள் அவரே விலகிக்கொண்டாலும், நிர்வாகம் தகவல் தந்தாக வேண்டும். 2010இல் கல்வி அமைச்சரான மைக்கேல் கோவ் மன்றத்தைக் கலைக்க முடிவெடுத்தார். அதன்படி 2012 ஏப்ரல் முதல், அமைச்சருக்கு அனுப்பலாமா என்று நிர்வாகம் பரிசீலித்தாலே கடமை தீர்ந்தது. சட்டத்தின் இந்தத் தளர்வு, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் நாடு கற்ற பாடத்துக்கு நேர் எதிரானது.

2002இல் சோஹாம் ஊரில் இரண்டு சிறுமிகளைப் பள்ளிக் காவலாளி ஒருவர் கொன்றார். அவர் மீது முன்பே எழுந்த குற்றச்சாட்டுகள் காவல்துறைக்குத் தெரிந்திருந்தும் பள்ளிக்கு எட்டவில்லை என்பதை 2004இல் பிச்சர்ட் விசாரணை அம்பலப்படுத்தியது. 2006இல் இன்னொரு புயல்: பாலியல் குற்றப் பதிவேட்டில் இருந்தவருக்கும் பள்ளி வேலைக்கு அனுமதி தரப்பட்டது வெளியாகி, அமைச்சர் ரூத் கெல்லி நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல நேர்ந்தது. அதே ஆண்டு வந்த சட்டம், தடை விதிக்கும் அதிகாரத்தை அமைச்சரிடமிருந்து தனி அமைப்புக்கு மாற்றியது. குழந்தைக்குத் தீங்கு செய்ததற்காக ஒருவரை நீக்கிய நிர்வாகம் அதைத் தெரிவிக்காவிட்டால் குற்றம் என்றும் ஆக்கியது. இந்தக் கட்டாயம் இன்றும் உண்டே, பிறகென்ன குறை என்று கேட்கலாம். ஆனால் நடந்தது குழந்தைக்குத் தீங்கா, வெறும் நடத்தைக் குறையா என்று முதலில் தரம் பிரிப்பதும் அதே நிர்வாகம்தான். பள்ளியின் பெயர் கெடுமே என்ற கவலை உள்ளவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று ஊகிக்க முடியாதா? வெஸ்டன்-சூப்பர்-மேர் நகரில் மாணவிகளைச் சீரழித்த ஆசிரியர் ஒருவரைப் பற்றிய ஆய்வறிக்கை 2012 ஜனவரியில் வெளிவந்தது. கண்ணில் பட்ட 30 சம்பவங்களில் 11 மட்டுமே பள்ளித் தலைமையின் காதுக்குப் போயின; அவையும் வெளியே போகவில்லை. மூன்றே மாதத்தில் கட்டாயம் தளர்ந்தது!

கட்டாயமாக்கினால் பொய்ப்புகாரில் நல்லாசிரியர்களின் வாழ்வு பாழாகும் என்பது கனமான ஆட்சேபம்தான். ஆனால் இந்தக் கடமை புகார் வந்தவுடன் பிறப்பதல்ல. நிர்வாகமே விசாரித்து நீக்கிய பின்போ, நீக்கும் நிலையில் அவர் விலகிய பின்போதான் பிறக்கிறது. தகவல் அனுப்புவது தீர்ப்பும் ஆகாது. சல்லடை போடுவது ஒழுங்குமுறை அமைப்பின் வேலை. போதாக்குறைக்கு, மாணவர் சாட்டும் குற்றத்தில் வழக்குப் பதிவாகும்வரை ஆசிரியரின் பெயரை வெளியிடக் கூடாது என்ற பாதுகாப்பைத் தந்ததும் மன்றத்தைக் கலைக்க கோவ் கொண்டுவந்த அதே 2011 கல்விச் சட்டம்தான். பக்கத்து வேல்ஸில் 2015இல் வந்த கல்விப் பணியாளர் மன்றம், பணிநீக்கத்தைத் தெரிவிப்பதை நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விடவில்லை.