96 வயதில் இடுப்பெலும்பு முறிந்த யோகா ஆசிரியர்

வாட்ஸ்அப்பில் ஒரு கதை ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு. 96 வயசுல இடுப்பு உடைஞ்ச ஒருத்தர் ஆபரேஷனே வேண்டாம்னு சொல்லிட்டு யோகாவிலேயே தேறி 100 வயசு வரைக்கும் இருந்தாராம். ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்து இடுப்பு வலியோடு வரும் அம்மாக்களின் பிள்ளைகள் இதைக் காட்டி, "எங்கம்மாவுக்கும் இப்படிப் பண்ணலாமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். கதை பொய் இல்லைங்க. ஆனால் பாதிக் கதை. மீதியைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அவர் பெயர் திருமலை கிருஷ்ணமாச்சார்யா. 1888 நவம்பர் 18-ல் கர்நாடகத்தின் சித்ரதுர்கா பக்கம் பிறந்தவர். 1930-களில் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். உலகம் முழுக்கத் தெரிந்த பி.கே.எஸ். ஐயங்காரும் (இவர் மனைவியின் தம்பி) பட்டாபி ஜோயிஸும் அங்கே படித்தவர்கள்தான். அங்கே சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் வாலிபப் பசங்களுக்கு. தாவுவது, வளைவது, அடுத்தடுத்து நிற்காமல் ஆசனம் மாற்றுவது என்று மூச்சு வாங்கும் யோகா அது.

சுதந்திரத்துக்குப் பிறகு அரச ஆதரவு போனது, யோகசாலையும் மூடப்பட்டது. பக்கவாதம் வந்த ஒரு பிரபல வழக்கறிஞருக்குச் சிகிச்சை தர 1952-ல் சென்னைக்கு அழைக்கப்பட்டார். அதன்பிறகு சென்னையே அவர் ஊர். இந்த இடத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். மைசூரில் வந்தவர்கள் வாலிபர்கள், சென்னையில் வந்தவர்களில் நோயாளிகள் நிறைய. ஆயுர்வேதமும் படித்தவர் என்பதால் நாடி பார்த்து, வயசு, உடம்பு, வேலை எல்லாம் கேட்டு ஆளுக்கு ஆள் வேறு வேறு பயிற்சி கொடுத்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் அதே வழியில்தான் நடந்தது. "யோகா தெரபி" என்று இன்று சொல்வதில் பெரும்பங்கு இங்கே உருவானது.

(இது சித்தர் காலத்திலேயே இருந்ததுதானே என்று யாராவது கேட்பீர்கள். திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரமே யோகம்தான், மறுக்கவில்லை. ஆனால் எக்ஸ்ரே எடுத்து, நோயைப் பெயர் சொல்லி, அதற்கு இந்த ஆசனம் என்று கொடுப்பது 20-ஆம் நூற்றாண்டு சமாச்சாரம். 1924-ல் லோனாவ்லாவில் கைவல்யதாமா ஆரம்பித்த சுவாமி குவலயானந்தா யோகாவை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனவர்களில் முன்னோடி.)

இனி அந்த முறிவு. 96 வயதில் கிருஷ்ணமாச்சார்யாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சையை மறுத்தார். படுத்தபடியே செய்யக்கூடிய பயிற்சியைத் தனக்குத்தானே வகுத்துக்கொண்டார். 1989 பிப்ரவரியில் 100 வயதில் இறக்கும்வரை சென்னையில்தான் இருந்தார். இவ்வளவும் உண்மை.

ஆனால் ஒரு டாக்டராக என் கண்ணில் படுவது வேறு. அந்த மனிதர் எழுபது, எண்பது வருஷம் தினமும் மூச்சையும் தசையையும் பழக்கியவர். இடுப்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் முதியவர்களைக் கொல்வது பெரும்பாலும் முறிவு இல்லை. நிமோனியா, காலில் ரத்தக்கட்டு, படுக்கைப் புண், இவைதான். ஒரு வருஷத்துக்குள் ஐந்தில் ஒருவராவது இறந்துபோகிறார்கள். அதனால்தான் இன்றைக்கு முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து எழுப்பி நிற்க வைக்கப் பார்க்கிறோம். உங்கம்மா 75 வயசு வரைக்கும் வெங்காயமும் முருங்கையும் பறித்தவர். உடம்பு உறுதியானதுதான், ஆனால் பிராணாயாமம் பழகிய உடம்பு இல்லை. முறிஞ்சா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க. அதில் பேச்சே இல்லை.

முறியாத இடுப்புக்கு வருவோம். முதலில் வார்த்தையைச் சரி பண்ணிக்கலாம். நாம் "இடுப்பு வலி" என்று சொல்வது பெரும்பாலும் கீழ்முதுகு. இடுப்பு மூட்டுத் தேய்மானத்தின் வலி வருவது தொடை இடுக்கில். சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரியும், அதற்காக வருஷக்கணக்கில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தவர்களும் உண்டு. சம்மணம் போட முடியவில்லை, கால் விரல் நகம் வெட்டக் குனிய முடியவில்லை என்றால் இடுப்பு மூட்டைச் சந்தேகப்படுங்க. எலும்புப் புரை வேறு நோய். அது வலிக்காது, முறியும்வரை சத்தமே போடாது. எலும்பு அடர்த்தி ஸ்கேனில் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப் புரை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்ததே 1994-ல்தான்.

ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். அங்கேதான் சிக்கல். கிருஷ்ணமாச்சார்யாவின் முறிவை ஒட்டிய காலத்தில், 1984-ல், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சினாக்கி, மிக்கெல்சன் என்ற இருவர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முதுகெலும்பில் எலும்புப் புரை இருந்த, மாதவிடாய் நின்ற 59 பெண்கள். முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குப் புதிதாக முதுகெலும்பு நசுங்கியது. முன்னால் குனியும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம்! எதுவுமே செய்யாதவர்களில் 67. அதாவது தப்பான பயிற்சி, சும்மா இருப்பதைவிட மோசம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் இந்தக் கணக்கை மறக்க முடியவில்லை. 2013-ல் அதே சினாக்கி, யோகாவில் முன்குனிந்து முதுகெலும்பு நசுங்கிய மூன்று பேரைப் பற்றி எழுதினார்.

ஆகவே எலும்புப் புரை உள்ளவர்களுக்கு பச்சிமோத்தானாசனம், ஹலாசனம், சர்வாங்காசனம் வேண்டாம். யூடியூபில் "இடுப்புக்கு" என்று முதலில் வருவது சில சமயம் இவைதான். கொடுமை.

எது ஆகும்? ஐயங்கார் இதில் பெரிய உபகாரம் செய்தார். நாற்காலி, பெல்ட், கயிறு, மரக்கட்டை எல்லாவற்றையும் ஆசனத்துக்குள் கொண்டுவந்தார். அவரிடம் பயின்ற அமெரிக்க டாக்டர் லோரன் ஃபிஷ்மன் தினம் 12 நிமிட ஆசனத் தொகுப்பு ஒன்றைப் பரிசோதித்து 2016-ல் முடிவு வெளியிட்டார். தொடர்ந்து செய்த 227 பேரில் முதுகெலும்பு அடர்த்தி கூடியது. இடுப்பில் கிடைத்த பலன் உறுதியாகச் சொல்லும்படி இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. நல்ல செய்திதான், மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு இல்லை. 2019 அமெரிக்க மூட்டுநோய் வழிகாட்டுதலும் முழங்கால் தேய்மானத்துக்கு யோகாவை ஓரளவு பரிந்துரைக்கிறது, இடுப்புக்கு ஆதாரம் போதாது என்கிறது.

நான் சொல்லிக்கொடுப்பது எளிது. சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது, விருட்சாசனத்தின் பாதி. மற்றொரு காலைத் தொடைக்கு ஏற்ற வேண்டாம், கணுக்காலில் வைத்தால் போதும். இடுப்புப் பக்கத் தசைக்கு இது நல்ல வேலை, அந்தத் தசை தளர்ந்தால்தான் நடை சாய்கிறது. மல்லாந்து படுத்து இடுப்பை மெதுவாகத் தூக்கும் சேதுபந்தம், தலையும் தோளும் தரையிலேயே. குப்புறப் படுத்துச் சின்ன புஜங்காசனம். வலி அடுத்த நாளும் இருந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம். பத்மாசனத்துக்காகத் தொடையை அமுக்கவே கூடாது, தேய்ந்த மூட்டு திரும்பாது, கிழியும். மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனவர்கள் உங்கள் சர்ஜனைக் கேட்காமல் சம்மணமோ குத்த வைப்பதோ வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்க. எக்ஸ்ரேவைப் போட்டோ எடுத்து இன்பாக்ஸில் அனுப்பி "எந்த ஆசனம் செய்யலாம்" என்று கேட்காதீங்க. ஆளைப் பார்க்காமல், நடக்க வைத்துப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன்.