ஆள் தவறிய குண்டும் சதிக் குற்றமும்

1928 டிசெம்பர் 17 ஆம் நாள் லாகூரில் இளைஞரின் குண்டுக்கு இரையானவர் பொலிஸ் அதிகாரி சாண்டர்ஸ். அவர்கள் குறிவைத்ததோ, லாலா லஜபதி ராய் காயமுற்ற தடியடிக்குப் பொறுப்பாளரெனக் கருதிய ஸ்கொட்டை. அடையாளங்காட்ட நின்ற ஜெய் கோபால் ஆளை மாற்றிச் சைகை செய்தார்.

சட்டம் இப்பிழையைப் பொருட்படுத்துவதில்லை. 2024 வரை நடைமுறையிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 301 ஆம் பிரிவும், அதனைத் தழுவி 1883 இல் எழுந்த இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 295 ஆம் பிரிவும் ஒன்றையே கூறுகின்றன: ஒருவரைக் கொல்ல எண்ணி வேறொருவரைக் கொன்றாலும் குற்றத்தின் தன்மை மாறாது. கூடிச் சதிசெய்தவன், துப்பாக்கியைத் தொடாதபோதும், பொறுப்பாளியே.

இவ்விதியை நாம் மறுக்கவில்லை. மாண்டவருக்கும் உயிர் ஒன்றே. நாம் வினவுவது சதியை மெய்ப்பித்த முறையை. 1930 மே மாத அவசரச் சட்டம் தனி நீதிமன்றொன்றை அமைத்து, உயர்நீதிமன்ற மேன்முறையீட்டையும் மறுத்தது. ஆளை மாற்றிக் காட்டிய ஜெய் கோபால் அரசதரப்புச் சாட்சியாகி மன்னிப்புப் பெற்றார். களத்தில் நில்லாத சுகதேவோ, பகத்சிங், ராஜகுரு ஆகியோருடன் 1931 மார்ச் 23 இல் தூக்கிலேறினார்.

மட்டக்களப்பு வாவிக்கரையிற் கற்பிக்கும் நமக்கு இஃது அயலார் கதையன்று. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முதலான அதிகாரிகளிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தையே சான்றாக ஏற்றது. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் அதன் நிழல் படிந்தது.

சதி மறைவில் நிகழ்வது. ஆதலின் அதனை நிறுவும் சான்று ஐயத்துக்கு அப்பாற்பட்டதாதல் வேண்டும். இன்றேல், ஆளை மாற்றிக் கொல்லும் பிழையை நீதிமன்றமே செய்துவிடும்.