வெயிலின் வரவு செலவு



கதிரவன் ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பது இன்று சிறுவரும் அறிந்த செய்தி. ஆனால், "எவ்வளவு எடுக்கலாம்?" என்று கேட்டால், படித்தவர்களும் சற்றுத் தயங்குவதை நான் கண்டிருக்கிறேன். வீட்டுக் கூரைமேல் சூரியத் தகடு பதிக்க எண்ணும் குடும்பத் தலைவருக்கும், கிணற்றுப் பம்புசெட்டை வெயிலால் ஓட்ட எண்ணும் உழவருக்கும் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். கணக்குத் தவறினால் போட்ட முதலும் வீண்; நட்ட பயிரும் வீண். இந்தக் கணக்கு எப்படிப் பிறந்தது, யார் யார் கைப்பட்டு வளர்ந்தது என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

எந்தக் கணக்கிலும் முதலில் வரவைப் பார்க்க வேண்டும். பிறகு செலவைக் கழிக்க வேண்டும். கதிரவன் அனுப்புவது வரவு. காற்றும், தகடும், வெப்பமும், இரவும் பிடித்துக்கொள்வது செலவு. எஞ்சுவதே நம் வீட்டு விளக்குக்கு வந்து சேரும் மின்சாரம்.

வரவை முறைப்படி அளக்க முயன்ற முன்னோடி, பிரான்சு நாட்டு விஞ்ஞானி கிளாட் பூயே. 1838ஆம் ஆண்டையொட்டி அவர் செய்த கருவி மிக எளியது. விளக்குக் கரி பூசிய தட்டையான பாத்திரம், அதனுள் நீர், நீரில் ஒரு வெப்பமானி. அவ்வளவுதான். பாத்திரத்தைச் சில நிமிடம் நிழலிலும் சில நிமிடம் வெயிலிலும் வைத்து, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று குறித்துக்கொண்டார். காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் இவ்வாறு அளந்து, ஒளி கடந்து வரும் காற்றின் கனம் கூடக் கூட வெப்பம் எவ்வாறு குறைகிறது என்று கண்டார். அதிலிருந்து, காற்றே இல்லாவிட்டால் எவ்வளவு வந்திருக்கும் என்று கணித்தார். இன்றைய அளவையில் சொன்னால், சதுர மீட்டருக்குச் சுமார் 1,230 வாட் என்பது அவர் கண்ட விடை. பூமி முழுவதையும் 31 மீட்டர் கனமுள்ள பனிக்கட்டியால் போர்த்தினாலும், ஓராண்டு வெயில் அதை உருக்கிவிடும் என்று அவர் விளக்கினார். ஒரு பாத்திரத்து நீரைக் கொண்டு கதிரவனை அளந்த அந்த அறிவை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

அடுத்து வந்தவர் அமெரிக்கரான சாமுவேல் லாங்லி. மிக நுண்ணிய வெப்ப வேறுபாட்டையும் உணரும் போலோமீட்டர் என்னும் கருவியைச் செய்தவர் அவர். காற்று குறைந்த உயரத்துக்குப் போனால் பிழை குறையும் என்று கருதி, 1881இல் கலிபோர்னியாவிலுள்ள விட்னி மலைக்குக் கருவிகளைச் சுமந்து சென்றார். அதன் உயரம் 4,400 மீட்டருக்கும் மேல். கருவி நல்ல கருவி; இடமும் நல்ல இடம். ஆனால், காற்று தடுத்துக்கொள்ளும் பங்கை அவர் மிகுதியாக மதிப்பிட்டுவிட்டார். அதனால் கிட்டிய விடை சுமார் 2,100 வாட். லாங்லியின் பெருமை கருதிப் பலர் அந்த எண்ணையே ஏற்றுக்கொண்டனர்.

அதைத் திருத்தியவர், அவரிடமே உதவியாளராக இருந்த சார்லஸ் கிரீலி ஆபட். ஸ்மித்சோனியன் நிலையத்தின் சார்பில், மழையே அரிதான சிலி நாட்டுப் பாலைவனத்து மலைகளில் ஆண்டுக்கணக்காக அளவெடுக்கச் செய்தார். அவர் நிறுவிய மதிப்பு 1,350 வாட்டை ஒட்டியது. பிற்காலத்தில் செயற்கைக் கோள்கள் காற்று மண்டலத்துக்கு அப்பாலிருந்து நேரே அளந்தன. அவை தந்த விடை ஏறத்தாழ 1,361 வாட். பூயேயின் பாத்திரம் பத்தில் ஒரு பங்கு மட்டுமே தவறியது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

வரவு தெரிந்தது. இனி அதை மின்சாரமாக மாற்றும் கதை. ஒளி பட்டால் மின்னோட்டம் பிறக்கும் என்று 1839இல் எட்மண்ட் பெக்கரல் கண்டார். 1883இல் சார்லஸ் ஃபிரிட்ஸ் என்னும் அமெரிக்கர் செலினியத்தால் மின்கலம் செய்தார். ஆனால், விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கு அளவே மின்சாரமாயிற்று. எழுபது ஆண்டுகள் நிலைமை அதற்குமேல் முன்னேறவில்லை.

பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டேரில் சாப்பின் என்னும் பொறியாளர் எதிர்கொண்ட சிக்கல் வேறு. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் தொலைபேசிக்குரிய உலர் மின்கலங்கள் விரைவில் கெட்டுப்போயின. அதற்கு மாற்றுத் தேடினார். கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன் ஆகியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய சிலிக்கன் மின்கலம் 1954 ஏப்ரலில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் திறன் 6 சதவிகிதம். நல்ல வெயிலில் சதுர மீட்டருக்கு 60 வாட் என்று கொள்ளலாம்.

பத்திரிகைகள் புகழ்ந்தன. எல்லையற்ற ஆற்றல் கைக்கு வந்துவிட்டதாக எழுதின. ஆனால் சாப்பின் மயங்கவில்லை. 1956இல் அவர் ஒரு கணக்குப் போட்டார். அப்போது ஒரு வாட் மின்கலத்தின் விலை 286 டாலர். ஒரு சாதாரண வீட்டுக்குப் போதுமான மின்கலம் வாங்க 14 லட்சத்து 30 ஆயிரம் டாலர் வேண்டும்! தாம் பெற்றெடுத்த பிள்ளையின் குறையைத் தாமே எடுத்துச் சொன்ன அந்த நேர்மையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். வீட்டுக்கு ஆகாதது விண்ணுக்கு ஆயிற்று. 1958 மார்ச் 17இல் ஏவப்பட்ட வான்கார்டு என்னும் சிறு கோளில் வேதி மின்கலத்தால் இயங்கிய ஒலிபரப்பி அவ்வாண்டு ஜூனிலேயே ஓய்ந்தது. சூரிய மின்கலத்தால் இயங்கியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது.

1961இல் வில்லியம் ஷாக்லியும் ஹான்ஸ் குவைசரும் மற்றொரு வரம்பைக் காட்டினர். ஒரே பொருளால் ஆன சாதாரண மின்கலம், விழும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரமாக்க இயலாது என்பது அது. இன்று சந்தையில் கிடைக்கும் நல்ல தகடுகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே தருகின்றன. விலையோ வாட்டுக்கு ஒரு டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். தகட்டின் பின்புறம் ஓர் எண் எழுதியிருக்கும். அது சோதனைச்சாலை எண். சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியும் தகட்டின் வெப்பம் 25 டிகிரியும் இருக்கும்போது கிடைப்பது. நம் பங்குனி வெயிலில் தகடு 60 டிகிரி வரை கொதிக்கும். டிகிரிக்குச் சுமார் 0.4 சதவிகிதம் வீதம், அதனாலேயே 14 சதவிகிதம் போய்விடும். மேலும், காலை வெயிலும் மாலை வெயிலும் உச்சி வெயிலாகா. களத்தில் சிதறிக் கிடக்கும் நெல்லைக் கூட்டி மரக்காலால் அளப்பதுபோல, நாள் முழுவதும் விழும் வெயிலைக் கூட்டி உச்சி வெயிலால் அளந்தால், தமிழ்நாட்டில் சராசரியாக 5 மணி நேரம் தேறும். வெப்பம், தூசி, கம்பி, இன்வெர்ட்டர் ஆகியவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் எஞ்சுவது 4. ஆகவே, ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 5 குதிரைத்திறன் பம்பு ஒரு மணி நேரம் ஓட அதற்குச் சற்று மேலேயே வேண்டும். நாலு மணி நேரம் நீர் இறைக்க வேண்டிய உழவர் ஒரு கிலோவாட்டை நம்பி நடவு செய்யலாகாது. அவருக்கு நாலைந்து கிலோவாட்டாவது வேண்டும்.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016இல் எழுந்த சூரிய மின்நிலையத்தின் திறன் 648 மெகாவாட். அதைக் கேட்டவுடன் இரவும் பகலும் அவ்வளவும் வருவதாக எண்ணிவிடக் கூடாது. இத்தகைய நிலையங்களில் ஆண்டுச் சராசரியாக எழுதிய திறனில் ஐந்தில் ஒரு பங்கோ ஆறில் ஒரு பங்கோ கிடைக்கும். அதுவும் சிறிய அளவன்று. புகையின்றி, நிலக்கரியின்றிக் கிடைப்பது. ஆயினும் அந்தி சாய்ந்த பின் விளக்கெரிய, சேமிப்பு மின்கலமோ வேறு மின்நிலையமோ துணை நிற்க வேண்டும்.

மிகைப்படுத்திச் சொன்னவர்களை நம்பியவர் ஏமாந்தனர். பயனில்லை என்று இகழ்ந்தவர்களை நம்பியவர் நல்ல வாய்ப்பை இழந்தனர். பூயேயும் ஆபட்டும் சாப்பினும் நமக்கு விட்டுச்சென்றது பொறுமையாகக் கழித்துப் பார்க்கும் பழக்கம். எனவே, தகடு வாங்கப் போகிறவர்கள், "இது எத்தனை வாட்?" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். "என் கூரையில், நாளொன்றுக்கு, எத்தனை யூனிட்?" என்று கேட்டுவிட்டே பணப்பையைத் திறக்கட்டும்.